கார்டை உருவினால் லேப்டாப் நின்றுபோகிறது: ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு சீரியல் போர்ட் (பழைய கருவிகளோடு தரவு பரிமாறும் இணைப்பு) உள்ள எக்ஸ்பிரஸ்கார்டு (லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகும் அட்டை) ஒன்றை லேப்டாப்பிலிருந்து உருவும்போது சில சமயம் மொத்த இயந்திரமும் அப்படியே நின்றுபோனது. சில சமயம் ஒன்றும் ஆகாது. இந்தச் ‘சில சமயம்’தான் என்னை மூன்று வாரம் அலையவிட்டது. கடைசியில் காரணம் தெரிந்தது, சரியும் செய்தாகிவிட்டது. தவறாகப் போன வழிகளையும் விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதே சிக்கலில் இருப்பவர் முதலில் போகப்போவதும் அந்த வழிகளில்தான்.

இயந்திரம் பழையது. இரண்டு கோர் செயலி, லினக்ஸ், பக்கவாட்டில் ஒரு எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட். அளவீட்டுக் கருவிகளிலிருந்து ஆர்எஸ்-232 என்ற சீரியல் இணைப்பு வழியாகத் தரவு எடுக்கவும், நெட்வொர்க் சுவிட்சுகளின் கன்சோலுக்குள் போகவும் இன்னும் இதைத்தான் நம்பியிருக்கிறோம். கார்டை இயக்கும் நிரலான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வந்ததல்ல. கார்டு செய்தவர்கள் மூலநிரலாகத் தந்ததை நாங்களே கம்பைல் செய்து ஏற்றியிருந்தோம். ஒரு கருவிக்கு வழக்கத்தில் இல்லாத பாட் வேகம் (சீரியல் தரவு ஓடும் வேகம்) வேண்டியிருந்தது, அதை இந்த டிரைவர்தான் கொடுத்தது.

நின்றுபோவது எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கார்டை உள்ளே ஒரு அழுத்து அழுத்தினால் வெளியே துள்ளும். துள்ளிய அதே நொடியில் திரையில் அம்புக்குறி நிற்கும், கடிகாரம் நிற்கும். கேப்ஸ் லாக் விசையைத் தட்டினால் விளக்கு மாறாது. பக்கத்து இயந்திரத்திலிருந்து ‘இருக்கிறாயா?’ என்று நெட்வொர்க் வழியாகக் கேட்கும் பிங் அனுப்பினால் பதில் வராது. ஆல்ட்டோடு சிஸ்ஆர்க்யூ விசையை அழுத்திக் கெர்னலிடம் நேராகப் பேசும் வழியும் அடைபட்டிருந்தது. பவர் பொத்தானை நான்கைந்து நொடி அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தச் சோதனைகளை யாரும் தாண்டிப் போகக் கூடாது. திரை நின்றால் இயந்திரமே நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. பிங்குக்குப் பதில் வந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, சிக்கல் திரையைக் கவனிக்கும் பகுதியிலோ, வட்டுக்காகக் காத்துக் கிடக்கும் ஏதோ ஒரு நிரலிலோ இருக்கலாம். எனக்கு எல்லாமே ஒன்றாக நின்றதால் கெர்னலுக்குள்ளேயே ஏதோ பூட்டிக்கொள்கிறது என்பது மட்டும் முதல் நாளே உறுதியானது.

அப்புறம் போனதெல்லாம் தவறான வழி. மறுதொடக்கம் செய்து முந்தைய ஓட்டத்தின் லாக்கை, அதாவது நிகழ்வுப் பதிவைத் திறந்தால் கடைசி வரி கார்டை உருவுவதற்கு முந்தையதாக இருந்தது. நின்ற நொடியைப் பற்றி வட்டில் ஒரு எழுத்துகூட இல்லை. மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு முழுக்க ஓடவிட்டேன், நினைவகத்தில் குறையில்லை. கார்டின் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். கார்டுகளைச் செயலியோடு சேர்க்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பு வசதியை பூட் அளவுருவில் அணைத்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. தீர்ந்தது என்று குறித்தும் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் மறுபடி நின்றது. அந்த இரண்டு நாள் நல்ல ஓட்டம் தற்செயல். சில சமயம் மட்டும் வரும் பழுதில் இதுதான் பெரிய ஆபத்து, எதை மாற்றினாலும் அது வேலை செய்ததுபோலத் தெரியும்.

கொஞ்சம் பலன் தந்த முதல் வேலை, ஸ்லாட்டைப் பற்றிப் படித்தது. எக்ஸ்பிரஸ்கார்டு 2003-ல் பிசிஎம்சிஐஏ அமைப்பு கொண்டுவந்தது. 34 மில்லிமீட்டர், 54 மில்லிமீட்டர் என இரண்டு அகலத்தில் வரும், இரண்டுக்கும் 26 தொடுமுனைகள்தான். ஆனால் அந்த ஒரே ஸ்லாட்டுக்குள் இரண்டு வழிகள் உண்டு: ஒற்றைத் தட பிசிஐ எக்ஸ்பிரஸ், யுஎஸ்பி 2.0. கார்டு செய்பவர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ‘நான் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு’, ‘நான் யுஎஸ்பி கார்டு’ என்று சொல்வதற்குத் தனித்தனிக் கம்பிகளே இருக்கின்றன. உள்ளே வந்த கார்டு அதில் ஒன்றைத் தரைக்கு இழுத்துத் தன்னை அறிவிக்கும்.

எங்களிடம் இருந்த இன்னொரு கார்டு, மெமரி கார்டு படிப்பது, யுஎஸ்பி பட்டியலில் தெரிந்தது. சீரியல் கார்டு பிசிஐ பட்டியலில் தெரிந்தது. மெமரி கார்டு படிக்கும் கார்டை இருபது முறை உருவிப் போட்டேன், ஒருமுறைகூட நிற்கவில்லை. அப்படியானால் ஸ்லாட், ஸ்பிரிங், அந்த ஸ்லாட்டின் மின் இணைப்பு இவற்றின் மேல் சந்தேகம் குறைந்தது. மீதி இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் பக்கம், அதிலும் அந்த டிரைவர்.

ஆனால் டிரைவர் என்றால் ஏன் எப்போதும் நிற்கவில்லை? இதற்கான விடை என்னிடமிருந்து வரவில்லை. அதே லேப்டாப்பை மாலையில் பயன்படுத்தும் சக ஊழியரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, எனக்கு ஒரு தடவைகூட நின்னதே இல்லையே. நானும் தினமும் கழட்டித்தான் வைக்கிறேன்.”

“அதே கார்டுதானே? நீ எப்படிப்பா எடுப்ப?”

“எப்படின்னா... அழுத்தினா வந்துருது, எடுத்துப் பெட்டியில வச்சுருவேன். நீங்க மவுஸ் எல்லாம் எடுத்துட்டுப் போயிடுவீங்க, நான் டச்பேடுலதான் ஓட்டுறேன்.”

மவுஸ் என்ற சொல்லைக் கேட்டதும் என் பழக்கம் நினைவுக்கு வந்தது. நான் வலது கையால் மவுஸைப் பிடித்து நிரலை மூடிக்கொண்டே இடது கையால் கார்டை அழுத்துவேன். மூன்று வாரமாகக் கார்டை எடுக்கும் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். மறு கை என்ன செய்கிறது என்று யோசிக்கவே இல்லை.

அன்றைக்கே உட்கார்ந்து சோதித்தேன். மவுஸைக் கழற்றிவிட்டுக் கார்டைப் பத்து முறை உருவினேன்: ஒன்றுமில்லை. மவுஸைச் செருகி, தொடாமல் வைத்துவிட்டுப் பத்து முறை: ஒன்றுமில்லை. மவுஸை வட்டமாகச் சுற்றிக்கொண்டே உருவினேன்: ஆறு முறையில் நான்கு முறை நின்றது. பிறகு மவுஸை லேப்டாப்பின் மறுபக்க யுஎஸ்பி போர்ட்டுக்கு மாற்றிச் சுற்றினேன். பத்து முறையும் பிழைத்தது!

மவுஸ் அசைந்தால் நிற்கிறது, அதுவும் ஒரு பக்கத்துப் போர்ட்டில் இருந்தால் மட்டும். இதைக் கேட்பவருக்கு மூடநம்பிக்கைபோலத் தோன்றலாம். காரணம் கெர்னல் தரும் இன்டரப்ட் பட்டியலில் அப்பட்டமாக இருந்தது. அந்தக் கோப்பை நான் முன்பே ஒருமுறை திறந்திருக்கிறேன், ஆனால் எதைத் தேடுவது என்று அப்போது தெரியாது.

இன்டரப்ட் என்பது ஒரு கூப்பிடு மணி. சாதனத்துக்கு ஏதாவது சொல்ல இருந்தால் மணியை அடிக்கும், செயலி கையில் இருப்பதை விட்டுவிட்டு அந்தச் சாதனத்தின் டிரைவரைக் கூப்பிடும். பழைய பிசிஐ முறையில் மணிக் கம்பிகள் குறைவு, அதனால் இரண்டு மூன்று சாதனங்கள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும். மணி அடித்தால் யார் அடித்தது என்று செயலிக்குத் தெரியாது. அந்தக் கம்பியில் பதிந்திருக்கும் எல்லா டிரைவரையும் வரிசையாகக் கூப்பிட்டு ‘உன்னுடையதா?’ என்று கேட்கும். ஒவ்வொரு டிரைவரும் தன் சாதனத்தின் நிலை ரெஜிஸ்டரை (சாதனம் தன் நிலையைக் குறித்துவைக்கும் சிறு இடம்) படித்துப் பார்த்து ஆமாம், இல்லை என்று சொல்ல வேண்டும்.

பட்டியலில் 16-ஆம் எண் வரியில் இரண்டு பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று இடது பக்க யுஎஸ்பி கட்டுப்படுத்தி, இன்னொன்று எங்கள் சீரியல் கார்டு. மவுஸை அசைத்தால் அந்த வரியின் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறியது. கையை எடுத்தால் அப்படியே நின்றது. அசையாத மவுஸிடம் சொல்ல எதுவும் இல்லை, ஆகவே மணியும் இல்லை. மறுபக்க யுஎஸ்பி கட்டுப்படுத்தி 23-ஆம் வரியில் தனியாக இருந்தது. டச்பேட் 12-ஆம் வரியில். சக ஊழியருக்கு ஏன் நிற்கவில்லை என்பதும் இதோடு விளங்கியது.

ஆக நடப்பது இது. கார்டு வெளியே போய்விட்டது. ஆனால் போய்விட்டது என்று கெர்னல் உணர்ந்து டிரைவரைக் கழற்ற சில மில்லிநொடிகள் ஆகும். சாதாரண மவுஸ் அசையும்போது ஏறக்குறைய 8 மில்லிநொடிக்கு ஒரு தடவை மணி அடிக்கும். அந்த இடைவெளிக்குள் மவுஸின் மணி அடித்தால், ‘உன்னுடையதா?’ என்ற கேள்வி இல்லாத கார்டின் டிரைவருக்கும் போகும். டிரைவர் கார்டைப் படிக்கப் பார்க்கும்.

இல்லாத கார்டைப் படித்தால் என்ன கிடைக்கும்? பூஜ்யம் கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிடைப்பது எல்லா பிட்டும் 1. பிசிஐ காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். படிக்கும் கோரிக்கைக்குப் பதில் சொல்ல ஆளில்லை என்றால் மேலே இருக்கும் பாலம் எல்லா பிட்டையும் 1 ஆக்கிச் செயலியிடம் கொடுத்துவிடும். செயலிக்கு அது பிழையாகத் தெரியாது, ஒரு சாதாரண எண்ணாகவே தெரியும். 32 பிட் ரெஜிஸ்டர் என்றால் 32 ஒன்றுகள். பிசிஐ தயாரிப்பாளர் எண்களில் எல்லா பிட்டும் 1 ஆக இருக்கும் எண்ணை யாருக்கும் கொடுக்காமல் விட்டிருப்பதும் இதனால்தான், அது ‘இங்கே யாரும் இல்லை’ என்பதற்கான அடையாளம்.

இது அனுமானமாகவே நிற்கக் கூடாது, நின்ற நொடியில் செயலி எந்த வரியில் இருந்தது என்பது கையில் வேண்டும். வட்டில் எழுத முடியாது என்பதால் நெட்கன்சோலை இயக்கினேன். கெர்னல் செய்திகளை யுடிபி பொட்டலங்களாகப் பக்கத்து இயந்திரத்துக்கு அனுப்பிவிடும். வைஃபையில் நம்ப முடியாது, ஈதர்நெட் கம்பி வேண்டும். கூடவே என்எம்ஐ வாட்ச்டாக்கை இயக்கி, பூட்டிக்கொண்டால் பேனிக் (கெர்னல் தன் நிலையை அறிவித்துவிட்டுத் தானே நிறுத்திக்கொள்வது) ஆகும்படி வைத்தேன். ஒரு கோர் பத்து நொடி அளவுக்கு இன்டரப்டுகளை மூடிவைத்துக்கொண்டு கிடந்தால், மூட முடியாத ஒரு மணியை அடித்து அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று இந்த வாட்ச்டாக் எழுதிவிடும். பேனிக் வைப்பது முக்கியம். அது இல்லாமல் முதல் தடவை முயன்றபோது எனக்குச் செய்தி வெளியே வரவே இல்லை.

மவுஸைச் சுற்றினேன், கார்டை அழுத்தினேன், நின்றது. மனதுக்குள் எண்ணிக்கொண்டே பக்கத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹார்ட் லாக்கப், கோர் 0 என்று வரிகள் இறங்கின. எது எதைக் கூப்பிட்டது என்று காட்டும் அடுக்கின் மேலே சீரியல் கார்டு டிரைவரின் எழுத்து வாங்கும் செயல்கூறு. அதற்குக் கீழே அதே டிரைவரின் இன்டரப்ட் கையாளி, மணி அடித்ததும் ஓடும் பகுதி. அதற்கும் கீழே கெர்னலின் பொது இன்டரப்ட் பாதை. மூன்று வாரத்தில் முதல் முறையாகப் பழுது தன் முகவரியைச் சொன்னது.

மூலநிரல் கையில் இருந்ததால் அந்த இடத்துக்கு நேராகப் போனேன். கையாளி முதலில் கார்டின் பொது நிலை ரெஜிஸ்டரைப் படிக்கிறது. பூஜ்யம் என்றால் ‘என்னுடையதல்ல’ என்று திரும்பிவிடுகிறது. பூஜ்யம் இல்லையென்றால் எந்தெந்தப் போர்ட்டின் பிட் 1 ஆக இருக்கிறதோ அந்தப் போர்ட்டுக்குப் போகிறது. கார்டு இல்லாதபோது எல்லா பிட்டும் 1, ஆகவே இரண்டு போர்ட்டும் கூப்பிட்டதாகவே அது எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது போர்ட்டின் லைன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர். 16550 வகை சீரியல் சிப்களில் இது எட்டு பிட், அதன் கடைசி பிட் 1 என்றால் ‘ஓர் எழுத்து வந்திருக்கிறது, எடுத்துக்கொள்’ என்று பொருள். டிரைவர் செய்தது இவ்வளவுதான்: அந்த பிட் 1 ஆக இருக்கும்வரை எழுத்தைப் படி, மறுபடி ரெஜிஸ்டரைப் பார். கார்டு இருக்கும்போது இது முறையான நிரல். சிப்பின் வரிசையில் இருப்பதே 16 எழுத்துதான், சீக்கிரம் காலியாகிவிடும். கார்டு போனபின் அந்த பிட் எப்போதும் 1. எழுத்து வந்துகொண்டே இருக்கிறது என்று நம்பி, இல்லாத இடத்திலிருந்து இல்லாத எழுத்துகளை முடிவில்லாமல் வாங்கிக்கொண்டே இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அதே சிப்பில் இன்டரப்ட் அடையாள ரெஜிஸ்டர் என்று இன்னொன்று உண்டு. அதில் கடைசி பிட் தலைகீழ்: 1 என்றால் ‘எனக்கு எந்த வேலையும் இல்லை’. டிரைவர் அதை முதலில் கேட்டிருந்தால், எல்லாம் 1 என்ற அதே பொய்ப் பதில் அதைக் காப்பாற்றியிருக்கும். எந்த ரெஜிஸ்டரைக் கேட்கிறோம் என்பதில் ஒரு இயந்திரத்தின் உயிர் இருந்திருக்கிறது.

கார்டு போனதைக் கெர்னல் உணர்ந்த பின்னாவது இந்தச் சுழற்சி, அதாவது லூப், முடிய வேண்டுமே என்று கேட்கலாம். முடியாது. கார்டு வெளியேறியதைச் சொல்லும் மணியை வாங்க வேண்டிய கோர் இந்த லூப்பில் மாட்டியிருந்தால் அந்த மணி வாசலிலேயே நிற்கும். அடுத்த கோர் அதை வாங்கினாலும் பயனில்லை. டிரைவரைக் கழற்றும்போது அதன் இன்டரப்ட் பதிவை நீக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் கையாளி முடியும்வரை அந்த நீக்கம் காத்திருக்கும். கையாளி முடியப்போவதில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கோரும் ஏதோ ஒரு காரணத்துக்கு முதல் கோரின் பதிலை எதிர்பார்த்து நின்றுவிடும், அதோடு எல்லாம் முடிந்தது.

உடனடியாகச் செய்தது, முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுப்பது. கெர்னல் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் அடைவில் ஒவ்வொரு பிசிஐ சாதனத்துக்கும் ‘ரிமூவ்’ என்றொரு கோப்பு இருக்கிறது, ரூட் உரிமையோடு அதில் 1 என்று எழுதினால் கெர்னல் அந்தச் சாதனத்தின் டிரைவரை ஒழுங்காகக் கழற்றிவிடும். அதன்பின் கார்டை எப்படி உருவினாலும் கேள்வி கேட்க யாரும் இல்லை. மவுஸைச் சுற்றிக்கொண்டே எடுத்தேன், ஒருமுறைகூட நிற்கவில்லை. விண்டோஸில் ‘பாதுகாப்பாக அகற்று’ என்பதன் வேலையும் இதேதான். டிரைவரில் கை வைக்க முடியாதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் அவசரத்தில் மறப்பது மனித இயல்பு, ஸ்லாட்டோ தட்டினாலே கார்டைத் துப்பிவிடும். அதனால் டிரைவரையே திருத்த வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

முதல் திருத்தம் இரண்டு வரி. கையாளியின் தொடக்கத்தில் பொது நிலை ரெஜிஸ்டரின் எல்லா பிட்டும் 1 ஆக இருந்தால் ‘என்னுடையதல்ல’ என்று திரும்பு. அந்த ரெஜிஸ்டரில் பயன்படுத்தாத பிட்டுகள் எப்போதும் பூஜ்யமாக இருக்க வேண்டியவை, எனவே எல்லாம் 1 என்பது நிஜக் கார்டிலிருந்து வரவே முடியாது. மவுஸ் சோதனை முப்பது முறை தாங்கியது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது உருவினால் என்ன ஆகும் என்று பார்க்க, 115200 வேகத்தில் ஒரு கருவியை இடைவிடாமல் அனுப்பவைத்து, மவுஸைக் கழற்றிவிட்டு உருவினேன். பதினாறு முறை பிழைத்தது. பதினேழாவது முறை நின்றது. யோசித்தால் விளங்குகிறது: கையாளி வாசலில் சரிபார்த்தபோது கார்டு இருந்தது, உள்ளே எழுத்துகளை வாங்கிக்கொண்டிருக்கும்போதுதான் கார்டு போனது. அந்தச் சில மைக்ரோநொடி ஜன்னல் எப்போதாவதுதான் சிக்கும், ஆனால் சிக்கும். வாசலில் ஒரு காவல் போதாது.

இரண்டாவது திருத்தத்தில் லூப்புக்குள்ளேயும் அதே சோதனையை வைத்தேன், ரெஜிஸ்டரின் எட்டு பிட்டும் 1 என்றால் உடனே வெளியேறு. அதோடு ஒரு உச்சவரம்பும் போட்டேன். கெர்னலோடு வரும் 8250 சீரியல் டிரைவர் ஒரே மூச்சில் 256 எழுத்துக்கு மேல் வாங்காது, அதே எண்ணை எடுத்துக்கொண்டேன். வன்பொருள் எவ்வளவு பொய் சொன்னாலும் லூப் முடிந்தே தீரும். இந்த வரம்பு முதலிலேயே இருந்திருந்தால் எந்தச் சோதனையும் இல்லாமலே இயந்திரம் பிழைத்திருக்கும். வழக்கமான பாட் வேகங்கள் போதும் என்பவர்கள், கார்டு 16550-க்கு இசைவானதாகவும் கெர்னலுக்குத் தெரிந்ததாகவும் இருந்தால், அந்த 8250 டிரைவருக்கே மாறிவிடலாம்.

எம்எஸ்ஐ என்ற வழியும் உண்டு. அதில் மணிக்குக் கம்பி கிடையாது, சாதனம் நினைவகத்தில் எழுதும் ஒரு செய்தியே மணி. பகிர்வு இல்லை, எனவே மவுஸின் மணிக்கு இந்த டிரைவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். எங்கள் கார்டு அதை ஆதரிக்கவில்லை. ஆதரித்திருந்தாலும் பதினேழாவது முறை வந்த அந்தச் சிக்கல் அப்படியேதான் இருந்திருக்கும்.

எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் உள்ள இயந்திரங்கள் இன்று குறைந்துவிட்டன. ஆனால் தண்டர்போல்ட் கம்பி வழியாக வெளியே நிற்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனத்தைப் பிடுங்கினாலும் டிரைவருக்குக் கிடைப்பது அதே ஒன்றுகள்தான். அங்கே நிற்கிறது என்றால் பட்டியலில் யார் யாரோடு மணியைப் பகிர்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். நெட்கன்சோலுக்கு ஒரு கம்பி இழுத்துவையுங்கள். உருவும்போது இயந்திரத்தில் வேறு என்னவெல்லாம் அசைந்துகொண்டிருந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதிவையுங்கள்.

திருத்திய டிரைவரோடு கடைசியாகச் செய்த சோதனை: இரண்டு போர்ட்டிலும் 115200-ல் தரவு, இடது பக்கப் போர்ட்டில் மவுஸ், அதைச் சுற்றிக்கொண்டே சக ஊழியர், கார்டை உருவுவது நான். நூறு முறை. ஒவ்வொரு முறையும் தரவு வாங்கும் நிரல் படிப்புப் பிழை என்று சொல்லி நின்றது, லாக்கில் கார்டு அகற்றப்பட்டது என்று ஒரு வரி விழுந்தது, அம்புக்குறி திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. நூறாவது முறை முடிந்ததும் அவர் மவுஸை விட்டுவிட்டு விரல்களை உதறினார். திருத்தத்தைக் கார்டு செய்தவர்களுக்கு அன்று மாலையே அனுப்பிவைத்தோம்.